கபச்சுரப்பிக்கு அருகே கட்டி என்ற சந்தேகம்: மலையகப் பெற்றோர் எந்த வழியைத் தெரிவுசெய்வது?

பிட்யூட்டரி எனப்படும் கபச்சுரப்பி, மூக்கின் வேருக்கு நேர் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்திலுள்ள சிறு எலும்புக் குழியொன்றில் இருக்கிறது. அளவில் அது ஒரு பட்டாணிக்கு மேல் இல்லை. ஆனால் அது இருக்கும் இடம் நெருக்கடியானது. அதற்குச் சற்று மேலே இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிட்டுச் செல்கின்றன. அதற்கும் மேலே தாகத்தையும் பசியையும் உறக்கத்தையும் ஆளும் ஹைப்போதலமஸ் உள்ளது. அதன் நடுவே மூளைநீர் ஓடும் மூன்றாவது அறை இருக்கிறது. ஆகவே இவ்விடத்தில் பிள்ளையொன்றுக்குக் கட்டி வளருமானால், அது ஒரு வீட்டில் பார்வைக் குறைவாகவும், இன்னொரு வீட்டில் நின்றுபோன வளர்த்தியாகவும், வேறொரு வீட்டில் தீராத தாகமாகவும், மற்றொரு வீட்டில் காலைத் தலைவலியும் வாந்தியுமாகவும் தெரியவரும். கண்ணுக்கு ஒரு கிளினிக், வளர்த்திக்கு ஒரு கிளினிக், தலைவலிக்கு டிஸ்பென்சரி என்று குடும்பம் அலையும்போது, ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் வந்த துண்டை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் ஆபத்து இந்நோயில் மிக அதிகம்.

பிள்ளைகளிடம் இவ்விடத்தில் காணப்படும் கட்டிகளுள் முதன்மையானது கிரேனியோபாரிஞ்சியோமா. இது புற்றுநோயைப் போல உடலெங்கும் பரவுவதில்லை; ஆனால் பார்வை நரம்பையும் ஹைப்போதலமஸையும் அழுத்திச் சேதப்படுத்தும். 5 முதல் 14 வயது வரை இது அதிகம் தோன்றுகிறது என்றாலும், பத்து இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 0.5 முதல் 2 வரை என்ற அளவிலேயே இது காணப்படுவதால், தலைவலிக்கும் பிள்ளையை எல்லாம் கட்டியுள்ள பிள்ளை என்று எண்ணிப் பயப்படத் தேவையில்லை. இது தவிர முளைக் கலங்களிலிருந்து தோன்றும் ஜேர்மினோமா, பார்வை நரம்புக் கட்டி, ஒருவகை நோயெதிர்ப்புக் கலங்கள் பெருகும் லாங்கர்ஹான்ஸ் கலநோய், அரிதாகக் கபச்சுரப்பியிலேயே தோன்றும் அடினோமா ஆகியனவும் இதே இடத்தில் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடியவை. இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. எனவே “கட்டி இருக்கிறதா” என்பதோடு “எந்தக் கட்டி” என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும் வழியையே தெரிவுசெய்ய வேண்டும். ஸ்கேன், குருதி, கண் ஆகிய மூன்று பரிசோதனைகளும் ஒரே சிறுவர் நோய் வைத்திய நிபுணரின் கையில் வந்து சேரும் வழியே, தொடக்கத்தில் மெதுவாகத் தெரிந்தாலும், மொத்தத்தில் விரைவானதும் பாதுகாப்பானதும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இன்னும் சில நாள் பார்ப்பதா, இப்போதே போவதா

இலங்கை மலையகத்தின் தோட்டப் பகுதியில் காத்திருப்பதற்கான காரணங்கள் எளிதில் கிடைக்கின்றன, அவற்றுள் பல நியாயமானவையும்கூட. கண்டிக்குப் போய்வருவது என்றால் தாயோ தந்தையோ ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளை லயத்தில் யாரிடமாவது விட்டுச் செல்ல வேண்டும். இதற்கிடையில் ஒவ்வோர் அறிகுறிக்கும் ஊரில் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழித்தால் குளிர் என்பார்கள். சோர்ந்து இருந்தால் பூச்சி மருந்து கொடுப்பார்கள். தலைவலித்தால் புலமைப்பரிசில் படிப்பு என்பார்கள். வளரவில்லை என்றால் “எங்கள் பரம்பரையே குள்ளம்தான்” என்று முடித்துவிடுவார்கள்.

இவற்றுள் கடைசி விளக்கமே மலையகத்தில் மிகவும் கவனமாக நோக்கப்பட வேண்டியது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதமாக இருக்க, தோட்டத்துறையில் 31.7 சதவீதமாக இருந்தனர். வகுப்பில் மூன்றில் ஒரு பிள்ளை குட்டையாக இருக்கும் இடத்தில் குட்டையாக இருப்பது யாருடைய கண்ணையும் உறுத்துவதில்லை. ஆனால் போஷாக்குக் குறைவால் குட்டையான பிள்ளை பொதுவாக வளர்த்தி வரைபடத்தில் தன் கோட்டுக்கு ஒத்தாற்போல, தாழ்வாகவேனும் தொடர்ந்து வளர்ந்துகொண்டிருக்கும். கபச்சுரப்பி பாதிக்கப்பட்ட பிள்ளையோ, அதுவரை ஒரு கோட்டில் வந்து, ஓர் ஆண்டிலிருந்து அக்கோட்டைவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கும். மெலிந்துபோகாமல், சில வேளை உடல் பருத்துக்கொண்டே உயரம் மட்டும் நின்றுபோவது இன்னும் வலுவான அடையாளம். நான்கு வயதுக்கும் பூப்பெய்தும் பருவத்துக்கும் இடையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 சென்றிமீற்றருக்குக் குறைவாக வளரும் பிள்ளையை, அதன் தாய் தந்தை எவ்வளவு குட்டையாக இருந்தாலும், வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடைபெறுகிறது. நாலாம் தரத்தில் சரியாக இருந்த பிள்ளை ஐந்தாம் தரத்தில் வளர்த்தி நின்றால், அதை அப்பரிசோதனை காட்டுவதற்கு ஏழாம் தரம் வரவேண்டும். அவ்விடைவெளியை நிரப்ப ஆசிரியருக்குச் சுவரில் ஒட்டிய அளவு நாடாவும் ஒரு கொப்பியும் போதும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவைத்தால், ஒரு நாள் அந்தக் கொப்பியே வைத்தியருக்குப் பெரும் சான்றாகும். பிறந்தது முதல் கொடுக்கப்படும் சுகாதாரப் பதிவேட்டையும் பெற்றோர் பெட்டியில் பூட்டிவைக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் பழைய உயரங்கள் இல்லாமல் புதிய உயரம் எதையும் சொல்வதில்லை.

எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்ற கேள்விக்கு, பிரித்தானியாவில் 2011இல் தொடங்கப்பட்ட ஹெட்ஸ்மார்ட் என்ற சிறுவர் மூளைக் கட்டி விழிப்புணர்வு இயக்கம் தரும் அளவுகோல் பயனுள்ளது: நான்கு வாரங்களுக்கு மேல் தொடரும் அல்லது திரும்பத் திரும்ப வரும் தலைவலி, இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் வாந்தி ஆகியவற்றுக்கு மூளையில் காரணம் இருக்கிறதா என்று எண்ணிப்பார்க்க வேண்டும். அதே இயக்கம் வளர்த்திக் குறைவையும், பூப்பெய்துவதில் தாமதத்தையும், அதிக தாகத்தோடு அதிக சிறுநீரையும் மூளைக் கட்டியின் அறிகுறிகளாகவே வரிசைப்படுத்துகிறது. இவற்றுள் இரண்டு ஒரே பிள்ளையிடம் சேர்ந்து காணப்பட்டால், என் பார்வையில், காத்திருப்பது என்ற வழி அத்துடன் மூடப்பட்டுவிடுகிறது.

இனி அந்த விலக்கு. காலையில் எழும்போதே தலைவலியும் வாந்தியும் வந்து, பிள்ளை மந்தமாகித் தூங்கிவழிந்து, பொருட்கள் இரண்டாகத் தெரிவதாகச் சொல்லி, நடை தள்ளாடினால், மூளைநீரின் வழி அடைபட்டு மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கக்கூடும். அப்போது கிளினிக் நாளுக்கும் தனியாரில் வைத்தியரைப் பார்க்கும் சேனல் இலக்கத்துக்கும் காத்திருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டப் பாதையில் அது ஏறிவர முடியாத இடமானால், தோட்ட லொறியிலேனும் பிரதான வீதிவரை பிள்ளையைக் கொண்டுவந்து, அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டும். ஹட்டன் பகுதியினருக்கு அது 2017இல் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையாக இருக்கலாம். அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு மாற்றி அனுப்புவது அவர்களின் பொறுப்பு; அம்புலன்ஸும், முன்கூட்டிய தொலைபேசி அறிவிப்பும், கூடவரும் மிஸ்ஸியும் (தாதியும்) அவ்வழியில் கிடைப்பார்கள். வாடகை வேனில் நேரே கண்டிக்குப் போகும் குடும்பத்துக்கு இவை எதுவும் இல்லை.

கண்ணாடிக் கடையா, கண் வைத்தியரா

பிள்ளைக்குப் பார்வை குறைகிறது என்றதும் நகரத்துக் கண்ணாடிக் கடைக்குப் போவது வழக்கம். கிட்டப்பார்வைக்கு அது போதும். ஆனால் கபச்சுரப்பியருகே உள்ள கட்டி முதலில் கெடுப்பது எழுத்தை வாசிக்கும் கூர்மையை அல்ல. இரு பக்க ஓரப் பார்வையைக் கெடுக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை சுவர்ப் பலகையிலுள்ள சிறிய எழுத்தையும் சரியாக வாசித்துவிடலாம். அதே பிள்ளை லயத்துக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளும், மலைப்படியில் பக்கத்தில் வருபவரைக் காணாமல் மோதும், கொப்பியில் ஓரத்து வார்த்தைகளை விட்டுவிட்டு எழுதும். பிள்ளைகள் இதை முறையிடுவதில்லை, ஏனெனில் எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். பிள்ளைக்கு எதிரே ஒரு கை நீளத் தூரத்தில் அமர்ந்து, அதன் ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லி, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் விரலை வெளிப்புறத்திலிருந்து அசைத்தபடியே மெல்ல நடுவை நோக்கிக் கொண்டுவாருங்கள். விரல் முகத்தின் நடுக்கோட்டை நெருங்கும்வரை பிள்ளை அதைக் காணவில்லை என்றால், மறு கண்ணிலும் வெளிப்புறத்திலேயே அப்படி என்றால், அதே வாரத்தில் கண் வைத்தியரிடம் போக வேண்டும். சோதனையில் எதுவும் தெரியாவிட்டால் நோயில்லை என்று பொருளல்ல. கண் வைத்தியர் மருந்து விட்டுக் கண்ணின் பாவையை விரித்து, உள்ளே பார்வை நரம்பின் முனை வீங்கியிருக்கிறதா வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பார். பார்வைப் புலத்தை இயந்திரத்தில் வரைந்தெடுப்பார். கண்ணாடிக் கடையில் இவை இரண்டும் நடப்பதில்லை. கண்ணாடி மாற்றியும் பார்வை தெளியாத பிள்ளைக்கு இன்னொரு கண்ணாடி வாங்குவதைப்போல வீணான செலவு வேறில்லை.

சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா

பெற்றோர் அதிகம் குழம்பும் இடம் இது. சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் முடிகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. அதிக இடங்களில் கிடைக்கிறது. மூளைநீர் அறைகள் விரிந்திருக்கின்றனவா என்பதை அது உடனே காட்டும். மேலும், பிள்ளைகளுக்கு வரும் கிரேனியோபாரிஞ்சியோமாக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் கல்சியம் படிந்திருக்கும்; அதை எம்.ஆர்.ஐ.யைவிட சி.டி.யே தெளிவாகக் காட்டுகிறது. எக்ஸ்றே கதிர் உண்டு என்பது உண்மை. தலைக்கான ஒரு சி.டி.யின் அளவு ஏறத்தாழ 2 மில்லிசீவேர்ட், அதாவது சூழலிலிருந்து ஒருவர் ஓராண்டில் இயல்பாகப் பெறும் கதிர்வீச்சுக்குச் சமீபமானது. தேவையான ஒரு சி.டி.யை இதற்காக மறுப்பது சரியல்ல. காரணமின்றித் திரும்பத் திரும்ப எடுப்பதைத் தவிர்ப்பதே வேண்டியது.

எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லை. ஆனால் பிள்ளை அரை மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல், பெரும் சத்தத்தின் நடுவே, குழாய்க்குள் படுத்திருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இதற்கு மயக்க மருந்து தேவைப்படும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது வேறெதிலும் கிடைக்காத விவரம்: கட்டி பார்வை நரம்பை எப்பக்கம் தள்ளுகிறது, ஹைப்போதலமஸோடு ஒட்டியிருக்கிறதா, நீர்க்கட்டியா திண்மமா, கபச்சுரப்பியின் தண்டு தடித்திருக்கிறதா, சுரப்பியின் பின்பகுதியில் இயல்பாகத் தெரியவேண்டிய வெண்ணிறப் புள்ளி இருக்கிறதா. தாகநோயுள்ள, அதாவது தீராத தாகமும் அதிக சிறுநீரும் உள்ள, பிள்ளையில் அந்த வெண்புள்ளி மறைந்திருப்பதும், தண்டு சில மில்லிமீற்றர் தடித்திருப்பதும் சி.டி.யில் அகப்படாமல் போகும். ஆகவே “சி.டி. நோர்மல்” என்ற சொல்லைக் கேட்டு, வளர்த்தியும் தாகமும் அப்படியே இருக்கும் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போய்விடக் கூடாது.

இரண்டையும் ஒப்பிட்டால் எனக்குப் படுவது: அழுத்த அறிகுறிகளுள்ள பிள்ளைக்கு முதலில் சி.டி., அன்றே. மற்றவருக்கு முதலிலேயே எம்.ஆர்.ஐ., அதுவும் பொதுவான மூளை ஸ்கேன் அல்ல. கபச்சுரப்பிப் பகுதியை மெல்லிய வெட்டுகளாக, பக்கவாட்டிலும் முன்புறத்திலும், கடோலினியம் சாயம் ஏற்றுமுன்னும் ஏற்றியபின்னும் எடுக்கும் ஸ்கேன். கோரிக்கைத் தாளில் “கபச்சுரப்பி” என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பெற்றோரின் உரிமை. அது எழுதப்படாததால் தடித்த வெட்டுகளோடு ஒரு ஸ்கேன் எடுத்து, பிறகு மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து இன்னொன்று எடுக்க நேர்வது பிள்ளைக்கு வீண் துன்பம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மயக்க மருந்துக்கு முன் பல மணி நேரம் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள். அதிகமாகச் சிறுநீர் போகும் பிள்ளைக்குத் தண்ணீரையும் நிறுத்திவிட்டால், உடல் வற்றி, குருதியில் சோடியம் ஏறி, உயிராபத்து வரை போகலாம். “இந்தப் பிள்ளை இரவெல்லாம் தண்ணீர் குடிக்கும், இத்தனை லீற்றர் போகும்” என்று மயக்க மருந்து வைத்தியரிடம் முன்னரே சொன்னால், சேலைன் ஏற்றிப் பாதுகாப்பார்கள். ஸ்கேன் பட்டியலில் முதலாவதாகவும் வைப்பார்கள். நோயையும் சத்திரசிகிச்சையையும் உடல் தாங்க உதவும் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் குறைவு என்ற சந்தேகமும் இருந்தால், மயக்க மருந்துக்கு முன் அதற்கு ஈடான ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி தேவைப்படலாம்.

குருதிப் பரிசோதனை: ஸ்கேனுக்கு முன்னா, பின்னா

ஸ்கேன் கட்டியின் இடத்தைக் காட்டும். அது எந்தக் கட்டி, பிள்ளையின் உடல் இப்போது எந்த ஆபத்தில் இருக்கிறது என்பவற்றைக் குருதிதான் பெரும்பாலும் சொல்லும். ஸ்கேன் திகதிக்குக் காத்திருக்கும் நாட்களை வீணாக்காமல் குருதியை முதலில் முடிப்பதே நல்லது என்பேன்.

அதிக தாகத்தோடு வரும் பிள்ளைக்கு முதல் வேலை குருதிச் சீனியைப் பார்ப்பது. சீனி வியாதி இருந்தால் அதுவே வேறோர் அவசரம். சீனி இயல்பாக இருந்து சிறுநீர் மட்டும் பெருகினால், கபச்சுரப்பியின் பின்பகுதி சுரக்கும், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வசோப்பிரசின் குறைவாக இருக்கலாம். வீட்டில் இதை அளக்க முடியும்: ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீரை ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் அளந்து எழுதினால் போதும். உடற்பரப்பில் ஒரு சதுர மீற்றருக்கு 2 லீற்றருக்கு மேல் என்பது அதிகம். 28 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடற்பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் என்பதால், அப்பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு போத்தல் என்று நினைவில் வைக்கலாம். ஆனால் அளப்பது வேறு, தண்ணீரை மறுப்பது வேறு. இரவில் பாயை நனைக்கிறான் என்று மாலையிலிருந்து தண்ணீரைத் தடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இந்நோயில் அது மிக ஆபத்தானது. தண்ணீர் நிறுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அது வார்டில், மணிக்கு மணி எடையும் குருதியும் பார்த்தபடி மட்டுமே செய்யப்பட வேண்டியது.

தைரொயிட் பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. தனியார் ஆய்வுகூடங்களில் செலவைக் குறைக்க, தைரொயிட்டைத் தூண்டக் கபச்சுரப்பி சுரக்கும் டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பது வழக்கம். கபச்சுரப்பியே பழுதான பிள்ளையில் டி.எஸ்.எச். இயல்பான எண்ணாகவே வரலாம், உண்மையில் தைரொயிட் சுரக்கும் தைரொக்சின் குறைந்திருக்கும்போதும்கூட. ஆகவே டி.எஸ்.எச்.சோடு குருதியிலுள்ள தைரொக்சினைக் காட்டும் சுயாதீன டி4 அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மறுபுறம், தைரொயிட் சுரப்பி நெடுநாள் பழுதாகி டி.எஸ்.எச். மிக உயர்ந்திருக்கும் பிள்ளையில் கபச்சுரப்பி வீங்கிப் பெருத்து, எம்.ஆர்.ஐ.யில் கட்டிபோலவே தோன்றும். தைரொக்சின் மாத்திரையில் அது சுருங்கிவிடும். அதை அறியாமல் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பிள்ளைகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். மலிவான ஒரு குருதிப் பரிசோதனை ஒரு பிள்ளையை மண்டை திறப்பிலிருந்து காக்க முடியும் என்பதை விடவா பெரிய நியாயம் வேண்டும்?

கோர்ட்டிசோலைக் காலை எட்டு மணியளவில் எடுக்க வேண்டும். மஸ்கெலியாவிலோ நோர்வுட்டிலோ உள்ள தோட்டத்திலிருந்து எட்டு மணிக்குக் கண்டியில் நிற்பது எளிதல்ல; பதினொரு மணிக்கு எடுத்த குருதியின் எண் வைத்தியரைத் தவறாக வழிநடத்தலாம். எனவே இதை அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் எடுக்கக் கேட்பது, அல்லது முந்திய நாளே வார்டில் அனுமதி பெறுவது நல்லது. இங்கும் ஒழுங்கு முக்கியம்: கோர்ட்டிசோலும் தைரொக்சினும் இரண்டும் குறைந்த பிள்ளைக்குத் தைரொக்சினை முதலில் தொடங்கினால் உடல் சரிந்துபோகும் நெருக்கடி வரலாம், ஹைட்ரோகோர்ட்டிசோனே முதலில். தோட்டத்தில் கிடைத்த ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டு தாமாகவே தைரொக்சின் தொடங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகவே.

பால் சுரப்புக்கான ஓமோனாகிய புரோலக்டின், குருதிச் சோடியம், வளர்ச்சி ஓமோனின் அளவைக் குறிப்பாகக் காட்டும் ஐ.ஜி.எஃப். 1, அல்பா பீட்டோ புரதம், பீட்டா எச்.சி.ஜி. ஆகியவற்றையும் நிபுணர் கேட்பார். கடைசி இரண்டும் ஜேர்மினோமா இனத்துக் கட்டிகளின் அடையாளங்கள். புரோலக்டின் மிக மிக உயர்ந்திருந்தால், அது மாத்திரைக்குச் சுருங்கும் அடினோமாவாக இருக்கலாம். சற்றே உயர்ந்திருப்பது எந்தக் கட்டியும் தண்டை அழுத்துவதால் வரக்கூடியது. இடக்கை மணிக்கட்டின் எக்ஸ்றே எலும்பு வயதைச் சொல்லும். இது எங்கும் எடுக்கக்கூடியது.

பணம் கொடுத்து எடுப்பதா, அரச வைத்தியசாலையா

அரச வைத்தியசாலையில் அனைத்தும் இலவசம், எம்.ஆர்.ஐ.க்கு வரிசை உண்டு. தனியாரில் வரிசை குறைவு. ஆனால் சாயத்தோடும் மயக்க மருந்தோடும் எடுக்கும் ஸ்கேனுக்குப் பல பத்தாயிரம் ரூபாய் போகும். உறவினரிடம் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, எந்த நிபுணரின் கடிதமும் இல்லாமல் “மூளை ஸ்கேன்” ஒன்றை எடுத்துக்கொண்டு வைத்தியரைத் தேடும் குடும்பங்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன். அவர்களின் அவசரம் புரிகிறது. ஆனால் அந்த ஸ்கேன் கபச்சுரப்பிக்கு உரியதாக இல்லாதபோது பணமும் போகிறது, நாளும் போகிறது.

கையில் சிறு தொகை மட்டுமே இருக்குமானால், அதை ஸ்கேனுக்குச் செலவிடாமல், அரச வைத்தியசாலையில் பணியாற்றும் சிறுவர் நோய் வைத்திய நிபுணர் ஒருவரை ஒருமுறை சேனல் செய்து பார்ப்பதற்குச் செலவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். அவர் பிள்ளையை அளந்து, கேட்டு, கடிதம் எழுதித் தம் வார்டிலேயே அனுமதிக்க முடியும். வார்டில் இருக்கும் பிள்ளைக்கு ஸ்கேன் திகதி வெளியிலிருந்து வருபவரைவிட விரைவாகக் கிடைப்பது வழக்கம். அதுவும் முடியாதவருக்கு, மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக் அதே கதவுதான். கட்டணம் இல்லை, காத்திருப்பு மட்டும் சற்று அதிகம். அரசில் திகதி பல வாரங்கள் தள்ளிப்போய், பார்வை குறைந்துகொண்டும் வந்தால், அப்போது நிபுணரின் எழுத்துமூலக் கோரிக்கையோடு தனியாரில் எடுப்பது நியாயமான செலவு.

எந்தக் கதவாக இருந்தாலும், பிள்ளையின் வரலாற்றை ஒரு தாளில் திகதி வாரியாக எழுதிக் கொண்டுபோவது பெரிதும் உதவும்: எப்போதிலிருந்து தலைவலி, எத்தனை முறை வாந்தி, இரவில் எத்தனை முறை எழுகிறான், எத்தனை போத்தல் தண்ணீர், ஆண்டாண்டுக்கு எவ்வளவு உயரம். வைத்தியர் சிங்களத்தில் பேசுபவராகவும் தாய் தமிழில் மட்டும் பேசுபவராகவும் இருக்கும் வார்டில், பாடசாலை ஆசிரியரைக் கொண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவித்த அந்தத் தாள், அவசரத்தில் சொல்ல மறக்கும் செய்திகளைத் தவறாமல் கொண்டுசேர்க்கும்.

கண்டியா, கொழும்பா

கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. கொழும்பில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் ஓமோன் நோய்களுக்கென நிபுணர்கள் உள்ளனர்; கட்டியின் இனத்தைப் பொறுத்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையின் சிறுவர் புற்றுநோய்ப் பிரிவும் தேவைப்படலாம். நோயைக் கண்டறியும் கட்டத்துக்குக் கண்டியே போதுமானது என்பதும், நுவரெலியா, ஹட்டன், பூண்டுலோயா மக்களுக்கு அதுவே பொருந்தும் என்பதும் என் எண்ணம். இந்நோய் ஒரு சத்திரசிகிச்சையோடு முடிவதில்லை. ஓமோன் மருந்தும் கண் பரிசோதனையும் ஸ்கேனும் பல்லாண்டு தொடரும். அத்தனை ஆண்டும் போய்வரக்கூடிய தூரத்தில் கிளினிக் இருப்பது சிகிச்சை விடுபடாமல் இருக்க உதவும். சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமென நிபுணர்கள் முடிவு செய்தால் அதைத் தயங்காமல் ஏற்க வேண்டும். அப்போதும் கண்டியிலுள்ள கிளினிக்கை விட்டுவிடக் கூடாது.

சதைத் துண்டு எடுத்துப் பார்ப்பதா, அப்படியே சிகிச்சையா

“பயொப்ஸி எடுக்காமல் எப்படித் தெரியும்?” என்று கேட்கும் பெற்றோருக்கும், “தலையில் கத்தி வைக்கவே வேண்டாம்” என்னும் பெற்றோருக்கும் ஒரே விடை இல்லை. கல்சியமும் நீர்க்கட்டியும் சேர்ந்து தெரியும் கிரேனியோபாரிஞ்சியோமாவில் படமே ஏறத்தாழ தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. தனியாகச் சதைத் துண்டு எடுக்காமல், சிகிச்சைக்கான அறுவையிலேயே உறுதிப்படுத்துவார்கள். உடலில் பால்கோப்பி நிறப் புள்ளிகள் பல உள்ள, நியூரோபைப்ரோமட்டோசிஸ் நோயுடைய பிள்ளையின் பார்வை நரம்புக் கட்டிக்கும் பெரும்பாலும் படமே போதும். ஜேர்மினோமா சந்தேகத்தில் நிலைமை வேறு: குருதியிலும் முதுகுத்தண்டு நீரிலும் அடையாளப் பொருட்கள் தெளிவாக உயர்ந்திருந்தால் துண்டு எடுக்காமலே சிகிச்சை தொடங்கலாம், அவை இயல்பாக இருந்தால் சிறு துண்டு வேண்டும். ஜேர்மினோமா கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் நன்றாகக் கரையும் கட்டி என்பதால், முழுவதையும் வெட்டியெடுக்கப் போராடுவது பிள்ளைக்குத் தேவையற்ற சேதம். முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பதற்கு முன் ஸ்கேன் பார்த்தாக வேண்டும். அழுத்தம் ஏறியிருக்கும் மூளையில் அது ஆபத்து. லாங்கர்ஹான்ஸ் கலநோயில் தோல், காது, எலும்பு ஆகியவற்றிலும் அடையாளம் இருக்கக்கூடும் என்பதால், அங்கிருந்து துண்டு எடுத்தால் தலையைத் தொடவே தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும், தாகநோய் மட்டும் இருந்து, எம்.ஆர்.ஐ.யில் எதுவும் தெரியாமலோ தண்டு சற்றே தடித்தோ இருக்கும் பிள்ளைகள் உண்டு. அத்தனை சிறிய இடத்தில் உடனே துண்டு எடுப்பது சுரப்பியையே கெடுக்கலாம். விட்டுவிட்டாலோ ஜேர்மினோமா பிறகு தலைகாட்டலாம். ஆகவே மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ.யைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதையே வைத்தியர்கள் தெரிவுசெய்கிறார்கள். தாகத்துக்கு, வசோப்பிரசினுக்கு ஈடான டெஸ்மோப்பிரசின் மருந்தைக் கொடுத்ததும் பிள்ளை இரவில் உறங்கத் தொடங்கிவிடுவதால், குணமாகிவிட்டது என்று எண்ணி அடுத்த ஸ்கேனைக் கைவிடும் குடும்பங்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். வார்டை விட்டு வெளியேறுமுன் அடுத்த ஸ்கேனின் திகதியைக் கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டும். ஸ்கேன் படங்கள் உள்ள இறுவட்டையும் கேட்டுப் பெற வேண்டும். பழைய படம் பக்கத்தில் இல்லாமல், தண்டு முன்போலவே இருக்கிறதா இன்னும் தடித்திருக்கிறதா என்பதை அடுத்த ஸ்கேனைப் பார்க்கும் வைத்தியரால் உறுதியாகச் சொல்ல முடியாது.